விதைப்புக் கணக்கு, மண்டி விலை, நம் மூட்டை: எல்லையோர விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். நெல் வயல் கேரளக் கணக்கில் இருக்கிறது. மக்காச்சோளம் போடும் காடு உடுமலைப்பேட்டைப் பக்கம். மனைவி வழியில் வந்தது. கோபாலபுரம் சோதனைச்சாவடியை வாரத்தில் இரண்டு முறையாவது கடப்பதாலோ என்னவோ, இரண்டு பக்கத்துக் கேள்வியும் என்னிடம் வந்து சேர்கிறது. ஆடி பிறந்தால் போதும், "கர்நாடகத்தில் மக்காச்சோளம் எக்கச்சக்கமாகப் போட்டிருக்கிறார்களாம், விலை போய்விடுமாம்" என்று கைபேசியில் செய்தி சுற்றத் தொடங்கும். அதைப் படித்துச் சிலர் விதை வாங்குவதை நிறுத்துகிறார்கள். சிலர் வீட்டில் கிடக்கும் பழைய மூட்டையை அன்றே விற்றுவிடுகிறார்கள். களத்திலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. அன்றைய விலையை அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விதைப்புக் கணக்கு என்று எல்லாரும் சொல்வது எதை?

மூன்று வேறு சமாச்சாரங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

ஒன்று, விதைக்கப் போவதாகச் சொன்னது. அமெரிக்க வேளாண் துறை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் இரண்டு வாரத்தில் பல்லாயிரம் விவசாயிகளிடம் "இந்த ஆண்டு எத்தனை ஏக்கரில் என்ன போடப் போகிறீர்கள்" என்று கேட்கிறது. மாதக் கடைசியில் அந்த எண்ணை வெளியிடுகிறது. அங்கே நண்பகல் 12 மணி. நமக்கு இரவு 9.30. ஜூன் கடைசியில், உண்மையில் விதைத்தது எவ்வளவு என்று இன்னோர் அறிக்கை வரும்.

இரண்டாவது, விதைத்து முடித்தது. நம் மத்திய வேளாண் அமைச்சகம் பருவம் நடக்கும்போது வாரந்தோறும் வெளியிடுவது இந்த வகை. "இயல்பான பரப்பைவிட இத்தனை கூடுதல்" என்று அதில் எழுதியிருந்தால், இயல்பு என்பது கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி என்று புரிந்துகொள்ள வேண்டும். போன ஆண்டோடு ஒப்பிட்ட எண் வேறு, இயல்போடு ஒப்பிட்ட எண் வேறு. செய்தியில் இரண்டையும் கலந்துகட்டிப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, விளையும் என்று எதிர்பார்ப்பது. முதல் முன்கூட்டிய மதிப்பீடு, இரண்டாவது மதிப்பீடு என்று வரிசையாக வருபவை இவை. பரப்பை விளைச்சலால் பெருக்கி வந்த எண் என்பதால் பருவம் போகப் போகத் திருத்துவார்கள்.

யாராவது உங்களிடம் "கணக்கு வந்துவிட்டது" என்றால், இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேரிடம் பதில் இருக்காது.

என் வயலை யாரும் வந்து பார்த்ததே இல்லையே, எப்படி எண்ணுகிறார்கள்?

நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் புல எண் வாரியாக என்ன பயிர் என்று எழுதுகிறார். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி ஆண்டு. கேரளம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் அப்படி ஊர் ஊராக முழுக்க எழுதும் பழைய ஏற்பாடு இல்லாததால், மாதிரி நிலங்களைத் தேர்ந்தெடுத்து அளந்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். ஆகவே கோபாலபுரத்துக்குக் கேரளப் பக்கம் உங்கள் வயல் மாதிரியில் விழாமலே போகலாம்; தமிழ்நாட்டுப் பக்கம் அடங்கலில் விழுந்தே ஆக வேண்டும், குறைந்தபட்சம் தாளில்.

வாரக் கணக்கு இந்த அடங்கலுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. வேளாண் துறைக் களப் பணியாளர்கள் விதை விற்பனை, தண்ணீர், கண்ணால் பார்த்தது ஆகியவற்றை வைத்து மேலே அனுப்பும் எண் அது. அதனால் முதல் இரண்டு மூன்று வார எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மழை பத்து நாள் தள்ளிப்போனால் "விதைப்பு 30 சதவீதம் குறைவு" என்று தலைப்பு வரும். மழை பெய்த மறுவாரம் அந்தக் குறைவு காணாமல் போய்விடும்.

2012இல் டெல்லியில் மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்னறிவிப்பு மையம் தொடங்கிய பிறகு செயற்கைக்கோள் படமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நெல், கோதுமை போல ஒரே விரிப்பாகக் கிடக்கும் பயிருக்கு அது கைகொடுக்கும். தென்னைக்கு நடுவே ஊடுபயிராகப் போட்ட மக்காச்சோளத்தை மேலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை. அதற்குள் விலை ஏன் இறங்குகிறது?

நாளை மலிவாகக் கிடைக்கும் பொருளை இன்று யாரும் குவித்து வைக்க மாட்டார்கள், அதனால்தான். பல்லடம் பக்கத்துத் தீவன ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் அறுவடை பெரியது என்று தெரிந்தால், நாற்பது நாள் சரக்கு வைத்திருப்பவர் அதை இருபது நாளாகக் குறைப்பார். அவர் வாங்காத அந்த இருபது நாள் சரக்கு மண்டியில் நிற்கும். கிடங்கில் பழைய மூட்டை வைத்திருக்கும் வியாபாரியும் அதே செய்தியைப் படித்துவிட்டு வெளியே தள்ளுவார். வாங்குபவர் தள்ளிப்போட, விற்பவர் முண்டியடிக்க, புதுக் கதிர் வருவதற்கு முன்பே விலை இறங்கிவிடுகிறது.

கணக்கு பெரியதாக வந்தால் விலை விழும் என்று எப்போதும் சொல்ல முடியாது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் விலையை அசைக்கிறது. பத்து சதவீதம் கூடும் என்று எல்லாரும் முன்பே பேசி விலையைக் குறைத்திருந்தால், கணக்கு ஆறு சதவீதம் என்று வரும்போது விலை ஏறும். "பரப்பு கூடியிருக்கிறது, விலையும் கூடுகிறதே, இதென்ன கூத்து" என்று போன் செய்பவர்களுக்கு நான் தரும் பதில் இதுதான்.

தானியத்தில் இந்த அசைவு ஏன் இவ்வளவு பெரியது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கிரெகரி கிங் போட்டதாகச் சொல்லப்படும் அதை 1699இல் சார்லஸ் டேவனன்ட் அச்சிட்டார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு. மூன்று பங்கு குறைந்தால் பதினாறு பங்கு. இன்றைக்கு அதே விகிதம் பொருந்தாது. ஆனால் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. தீனி மலிவாகிவிட்டது என்பதற்காகக் கோழி இரண்டு மடங்கு தின்னாது.

அப்படியானால் பரப்பு கூடிய ஆண்டில் மக்காச்சோளமே போடக் கூடாதா?

இதற்கு மூன்று ஆண்டுகளின் கதையைச் சொல்கிறேன்.

2012 மார்ச்சில் அமெரிக்க விவசாயிகள் 9.59 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் போடப் போவதாகச் சொன்னார்கள். 1937க்குப் பிறகு அவ்வளவு பரப்பு இல்லை. ஜூன் அறிக்கையில் அது 9.64 கோடியாக இன்னும் கூடியது. விலை படுத்துவிடும் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். பிறகு மழை ஏமாற்றியது. ஏக்கருக்கு 166 புஷல் (ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ) வரும் என்று போட்ட கணக்கு 123இல் வந்து நின்றது. ஆகஸ்டில் சிகாகோ முன்பேரச் சந்தையில் விலை புஷலுக்கு 8 டாலரைத் தாண்டியது. ஏக்கர்க் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. அதை வைத்துச் சொன்ன விலைதான் தலைகீழானது.

2018 நமக்கே நேர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்ட படைப்புழு ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்துவிட்டது. விதைப்புக் கணக்கில் அத்தனை ஏக்கரும் இருந்தன. குருத்துக்குள் என்ன இருந்தது என்று காட்டுக்குப் போனவனுக்குத்தான் தெரியும். என் காட்டில் பாதிக் கதிர் பல் விழுந்த கிழவன் வாய் மாதிரி இருந்தது.

2025இல் கணக்கு சொன்னபடியே நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை எடுக்கும் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கிக் குவித்தன. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது அதற்குப் பெரிய காரணம். நல்ல விலையைப் பார்த்த விவசாயிகள் 2025 காரிஃப் என்னும் மழைக்காலப் பருவத்தில் நாடு முழுக்க முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் அதிகம் போட்டார்கள். முதல் மதிப்பீடு 283 லட்சம் டன் என்றது. அதே நேரத்தில் எத்தனாலுக்காக 52 லட்சம் டன் அரிசி குவிண்டால் 2,250 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எத்தனால் எடுத்த பின் மிஞ்சும் சக்கை கோழித் தீவனத்துக்கு வந்து, அங்கேயும் மக்காச்சோளத்தின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. குறைந்தபட்ச ஆதரவு விலை 2,400 ரூபாய் என்று தாளில் இருக்க, கர்நாடகத்தில் மண்டி விலை அதற்கு வெகு கீழே போய், நவம்பரில் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பரப்பு முக்காலியின் ஒரு கால்தான். விளைச்சல் இன்னொரு கால், வாங்குபவரின் பசி மூன்றாவது. கைபேசிச் செய்தி முதல் காலை மட்டும் சொல்கிறது.

நான் உடுமலைப் பக்கம் போடுபவன். எந்தக் கணக்கை எந்த மாதத்தில் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் நம் இடத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை.

தாவணகெரே, ஹாவேரி, சிவமொக்கா பக்கத்தில் பருவமழை விழுந்ததும் ஜூனில் விதைத்து அக்டோபர், நவம்பரில் அறுவடை செய்கிறார்கள். நாம் ஆடிப்பட்டத்திலும் புரட்டாசிப்பட்டத்திலும் போடுகிறோம்; கதிர் பெரும்பாலும் மார்கழியிலிருந்து மாசிக்குள் களத்துக்கு வரும். அதாவது நம் சரக்கு வருவதற்கு முன்பே கர்நாடகச் சரக்கு லாரியில் பல்லடத்துக்கும் நாமக்கல்லுக்கும் போயிருக்கும். நம் விலையில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் அவர்கள் எவ்வளவு விதைத்தார்கள் என்பது ஜூலை முடிவதற்குள் தெரிந்துவிடும். புரட்டாசிப்பட்டத்துக்கு விதை வாங்க நமக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். கணக்கைப் பார்த்து முடிவை மாற்ற முடிகிற ஒரே சாளரம் அது. நவம்பரில் வரும் மதிப்பீட்டைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து என்ன பயன்? பயிர் அப்போது பூவெடுத்திருக்கும்.

அடுத்து நம் வாய்க்கால். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் மொத்தம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர். நான்கு மண்டலமாகப் பிரித்து, ஆண்டுக்கு இரண்டு மண்டலம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலம் 94 ஆயிரம் ஏக்கர் சொச்சம். திருமூர்த்தி அணையில் எந்த மண்டலத்துக்கு, எந்த நாளில், எத்தனை சுற்று என்று அறிவிப்பு வந்தவுடன் உள்ளூர் மக்காச்சோளம் எங்கே எவ்வளவு வரும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். டெல்லிக் கணக்கைவிட எனக்கு இது நெருக்கமானது. மண்டலம் திறந்த ஊர்களில் கதிரறுக்கும் இயந்திரம், ஆள், உலர்களம் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் நெரிசல் வரும். விலை எப்படி இருந்தாலும், கிணற்றுத் தண்ணீர் உள்ளவர் பதினைந்து நாள் முந்தி விதைத்துவிட்டால் அந்த நெரிசலிலிருந்து தப்பலாம்.

மூன்றாவதாக, பீகார். ராபி மக்காச்சோளம் அங்கே குளிரில் வளர்ந்து ஏப்ரலில் தொடங்கி மே, ஜூன் வரை பூர்ணியா மாவட்டத்து குலாப்பாக் சந்தையில் மலையாகக் குவியும். ரயில் ஏறித் தெற்கே வரும். தை மாதம் அறுத்துவிட்டுச் "சித்திரை வரை வைத்திருக்கிறேன்" என்பவர், ஜனவரியில் ராபி விதைப்புக் கணக்கில் மக்காச்சோள வரியைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. நான் ஒரு முறை பார்க்காமல் சொன்னேன். கர்நாடகம் காலியாகிவிட்டது, இனி நம் மூட்டைக்குத்தான் மரியாதை என்று நாற்பது குவிண்டாலைப் பங்குனி முழுவதும் பூட்டி வைத்தேன். சித்திரையில் கதவைத் திறந்தபோது வெளியே பீகார் சரக்கு, உள்ளே வண்டு.

அமெரிக்காவில் எவ்வளவு போட்டால் நமக்கென்ன?

நேரடியாக அவ்வளவு இல்லை. இறக்குமதிக்கு வரி அதிகம். மரபணு மாற்றிய மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லை. அங்கே விளைவதில் பெரும்பங்கு அதுதான். 2025 மார்ச்சில் 9.53 கோடி ஏக்கர் என்று சொன்னவர்கள் ஆகஸ்டில் 9.73 கோடி என்றார்கள், சிகாகோவில் விலை சரிந்தது. உடுமலையில் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உலக விலை மிக உயரும்போது நம் சரக்கு வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் கப்பலேறும். இங்கே பற்றாக்குறை வந்தால் குறைந்த வரியில் ஓர் அளவு வரை இறக்குமதிக்கு அனுமதி தருவார்கள். 2024இல் சுமார் 5 லட்சம் டன்னுக்கு 15 சதவீத வரியில் அப்படித் தந்தார்கள். அந்த இரண்டு கதவும் மூடியிருக்கும் வரை சிகாகோவை வேடிக்கை பார்க்கலாம்.

நெல்லுக்கும் இதே கதைதானா?

இல்லை. அரசுக்கு விற்கிற நெல்லின் விலையை விதைப்புக் கணக்கு அசைப்பதில்லை. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389. அந்தப் பருவத்துக்குத் தமிழ்நாடு ஊக்கத்தொகை சேர்த்து 2,500, 2,545 என்று அறிவித்தது. கேரளத்தில் 2025 நவம்பரிலிருந்து கிலோ 30 ரூபாய். அதற்கு முன் 28 ரூபாய் 20 காசு. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நெல் போடுபவர் கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு: கொள்முதலுக்கான பதிவைக் காலத்தில் செய்தோமா, ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ஆலைக்காரரின் வண்டி எப்போது வரும், பணம் எப்போது கணக்கில் ஏறும்.

ஒரு சுற்றுவழி மட்டும் உண்டு. விதைப்புக் கணக்கை வியாபாரி மட்டும் பார்ப்பதில்லை, அரசும் பார்க்கிறது. 2022இல் உத்தரப்பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட் பக்கம் மழை குறைந்து நெல் நடவு பின்தங்கியபோது, செப்டம்பரில் குருணை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. வெளிச்சந்தையில் சன்ன ரகத்தையோ தனி ரகத்தையோ விற்பவருக்கு அந்த அடி நேரே விழும். நடவு குறைவு என்றால் விலை ஏறும் என்று மூட்டையைப் பிடித்து வைப்பார். ஏறுவதற்குள் தடை வந்து நிற்கும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விலை முன்னறிவிப்பை நம்பலாமா?

படிக்கலாம், நானும் படிக்கிறேன். அங்குள்ள உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் உடுமலைப்பேட்டைச் சந்தையின் பல ஆண்டு மக்காச்சோள விலையை எடுத்து, வியாபாரிகளிடமும் விசாரித்து, "அறுவடையின்போது தரமான மக்காச்சோளம் இன்ன விலையிலிருந்து இன்ன விலை வரை இருக்கும்" என்று விதைப்புக்கு முன் சொல்கிறது. அதில் "தரமான" என்ற சொல்லையும் "வரை" என்ற சொல்லையும் விட்டுவிட்டுத்தான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். மேல் விலை மட்டும் மனத்தில் நிற்கிறது. நான் கீழ் விலையை எடுத்து, அதிலும் கொஞ்சம் கழித்து, அந்த விலைக்கு விற்றால் விதை, உரம், மருந்து, ஆள்கூலி கழிந்து கையில் ஏதாவது நிற்குமா என்று பார்க்கிறேன். நிற்காவிட்டால் அந்தக் காட்டில் மக்காச்சோளம் இல்லை.

இன்னொன்று. நல்ல விலை என்ற அறிவிப்பை எல்லாரும் கேட்டு எல்லாரும் போட்டால் அந்த விலை கிடைக்காது. போன ஆண்டு விலையைப் பார்த்து இந்த ஆண்டு விதைப்பதால் விலையும் பரப்பும் மாறி மாறி ஊசலாடுவதற்குப் பொருளாதாரத்தில் சிலந்திவலை என்று பெயர். 1934இல் நிக்கோலஸ் கால்டோர் வைத்தது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் பெயரெல்லாம் தெரியாமல் அதையே செய்தார். எல்லாரும் வெங்காயம் போட்டால் அவர் சோளம், எல்லாரும் சோளம் போட்டால் அவர் கொண்டைக்கடலை. அவருக்கும் சில ஆண்டு தவறியது. கடன் மட்டும் ஏறவில்லை.

அறுத்ததும் விற்பதா, வைத்திருந்து விற்பதா?

இதைக் கணக்கால் முடிவு செய்யுங்கள், ஆசையால் வேண்டாம். இன்று குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளியில் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் மூன்று மாதத்துக்கு 120 ரூபாய். சாக்கு, ஏற்றி இறக்கும் கூலி, இடம் எல்லாம் 30 ரூபாய். எடைக் குறைவும் வண்டும் ஒன்றரை சதவீதம் என்றால் 30 ரூபாய். ஆக மூன்று மாதம் கழித்து 2,180 ரூபாய் கிடைத்தால்தான் இன்றைய 2,000க்குச் சமம். அதற்குக் கீழே எது கிடைத்தாலும் காத்திருந்தது நட்டம். அக்கம்பக்கத்தில் "180 ரூபாய் ஏறி விற்றேன்" என்று பெருமை பேசலாம், அவ்வளவுதான்.

அதே சரக்குக்கு ஆண்டுக்கு ஏழு சதவீத வட்டியில் பணம் கிடைத்தால் மூன்று மாத வட்டி 35 ரூபாய். சமம் 2,095இல் வந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை வைத்து மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது. உரக் கடைக்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காக அறுவடை வாரத்தில் விற்றே ஆக வேண்டிய கட்டாயம் அதனால் தணியும். கிடங்கில் இடம் இருக்கிறதா, வட்டி இப்போது எவ்வளவு என்று அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். விதைப்பு கூடிய ஆண்டில் கிடங்கும் சீக்கிரம் நிரம்பும்.

என் வழக்கம் இது. கடனுக்கும் கூலிக்கும் தேவையான அளவை அறுத்த வாரமே விற்றுவிடுவேன், விலை பார்க்க மாட்டேன். மீதியில் பாதியை மாசியில். கடைசிப் பங்கை பீகார் கணக்கைப் பார்த்துவிட்டு. எந்த ஆண்டும் உச்ச விலை முழுவதற்கும் கிடைத்ததில்லை. முழுவதும் அடிமட்ட விலைக்குப் போனதும் இல்லை, பூட்டி வைத்த அந்த ஒரு முறையைத் தவிர.

ஈரத்தோடு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் வியாபாரி. கொடுக்கலாமா?

ஈரம் 20 சதவீதம் உள்ள 100 கிலோவில் ஈரத்தை முழுதும் கழித்தால் சரக்கு 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோ நிற்கும். ஈரத்தோடு 1,900 ரூபாய் தருகிறார், காய்ந்தது 2,150 என்றால், 93 கிலோவுக்குச் சுமார் 2,000 ரூபாய். வித்தியாசம் 100 ரூபாய். காயவைக்கும் கூலி அதற்குள் அடங்கினால் காயவையுங்கள். வானம் மூட்டமாக இருந்தால் ஈரத்தோடு தள்ளிவிடுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கோழித் தீவனக்காரர் தொட மாட்டார். ஈரமானியில் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தில் விலையைப் பூட்டிவைக்க முடியாதா?

நம் அளவுக்கு ஒத்துவராது. நெல், கோதுமை, கொண்டைக்கடலை உள்ளிட்ட ஏழு பொருள்களுக்கு 2021 டிசம்பரில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை போட்டது. மக்காச்சோளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் டன் கணக்கில் ஒப்பந்தம், முன்பணம், தினசரி நட்டக் கணக்கு என்று இரண்டு ஏக்கர்காரரால் தாங்க முடியாது. பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு தீவன ஆலையோடு அளவையும் தரத்தையும் எழுதி வைத்து விற்பது நடக்கக்கூடியது. எழுதி வைப்பது முக்கியம். வாய்வார்த்தையில் பேசிய விலை, மண்டி விலை இறங்கிய அன்று யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

"அரசுக் கணக்கு வந்துவிட்டது, நாளை இன்னும் இறங்கும், இன்றே மூட்டையை விற்றுவிடுங்கள்" என்று வியாபாரி வீட்டுக்கு வந்து சொல்கிறார். என்ன செய்வது?

இறங்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருளை அவர் ஏன் இன்று வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டு டீ கேட்பார். பிறகு அரசின் மின்னணுச் சந்தையான இ-நாம் செயலியில் உடுமலை விலையைப் பாருங்கள், தாவணகெரே விலையையும் விசாரியுங்கள். லாரி வாடகையை ஒரு தாளில் எழுதுங்கள். பெதப்பம்பட்டியிலோ பொள்ளாச்சியிலோ இன்னொருவரிடம் அதே ஈரத்துக்கு அதே அளவுக்கு விலை கேளுங்கள். அரை மணி நேர வேலை.

இந்தப் பட்டத்தில் நீங்கள் என்ன போடுகிறீர்கள்?

எங்கள் மண்டலத்துக்கு இம்முறை தண்ணீர் இல்லை. கிணறு இரண்டு மணி நேரம் ஓடுகிறது. மூன்று ஏக்கரில் ஒன்றரை மக்காச்சோளம். மீதியில் கார்த்திகை ஈரத்துக்குக் கொண்டைக்கடலை. மக்காச்சோளம் என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதன் தட்டுக்கு மட்டும் கொழிஞ்சாம்பாறையில் ஆறு மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே விலை பேசி, முன்பணமாக ஐந்நூறு ரூபாய் வாங்கிவிட்டேன்.